கந்தையில் மலர்ந்த கலை

மன்னர் உடுத்த பட்டுக்கு வரலாறு உண்டு. அவர்தம் மகுடத்தில் பதித்த மணிக்கும் வரலாறு உண்டு. தேய்ந்த சேலையையும், தையற்கடையில் மிஞ்சிய துண்டுகளையும் கூட்டிச் சேர்த்து, ஏழைத் தாய் ஒருத்தி தன் மகவுக்குத் தைத்த விரிப்புக்கு வரலாறு உண்டா? உண்டு என்பதே நம் விடை. அந்த வரலாறு ஏடுகளில் குறைவாகவும், துணியிலும் சொல்லிலும் மிகுதியாகவும் எழுதப்பட்டிருக்கிறது. அதைச் சற்றே பிரித்துப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலை நாடுகளில் இல்லத்தரசியர் ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் தையற்கலை ஒன்று உண்டு. பல நிறத் துணிகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் நறுக்கி, ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 12 அங்குலச் சதுரங்களாக ஆக்குவர். ஒரு சதுரத்தில் விண்மீன் இருக்கும். மற்றொன்றில் ஒன்பது கட்டங்கள் இருக்கும். வேறொன்றில் கூடை இருக்கும். ஒரு கோலம் மறுமுறை வாராதபடி இவ்வாறு தைத்த சதுரங்களை வரிசையாகக் கோத்து, நடுவே பஞ்சுப் படலமும் அடியில் மற்றொரு துணியும் வைத்து, மூன்றையும் ஓட்டுத் தையலால் பிணைத்துப் போர்வையாக்குவர். இதனை 'சாம்ப்ளர் குவில்ட்' என்பர். நாம் இதனை 'மாதிரிச் சதுரப் போர்வை' என்று அழைக்கலாம். தைக்கக் கற்பவள் தான் கற்ற ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு சதுரத்தைச் சாட்சியாக வைக்கிறாள் என்பதே இப்பெயரின் கருத்து.

இதைக் கேட்டதும், 'இஃது எவரோ வெள்ளைக்காரச் சீமாட்டியரின் பொழுதுபோக்கு. நமக்கு இதில் என்ன உறவு?' என்று நம் வாசகர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு, அதுவும் நெருங்கிய உறவு. அதைத் தேடி நாம் முதலில் சொற்களிடம் போவோம்.

சொற்கள் சொல்லும் சான்று

தையலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் 'துன்னல்'. சிலப்பதிகாரம் புகார் நகரத்து வீதிகளை வருணிக்கும்போது, துணி தைக்கும் துன்னகாரரையும், தோலைத் தைப்போரையும் சேர்த்தே எண்ணுகிறது. பொருநராற்றுப்படையில் வரும் வறிய கலைஞனின் ஆடை, வேற்று இழைகள் நுழைத்துத் தைத்த கந்தல். கரிகாலன் அக்கந்தலை நீக்கி, நூலிழை இன்னதென்று தெரியாத அளவு நுண்ணிய ஆடையை அவனுக்கு அளிக்கிறான். ஆக, ஒட்டுப்போட்ட துணி தமிழ் இலக்கியத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருந்துவருகிறது. அது வறுமையின் அடையாளமாகவே இருந்துவருகிறது என்பதும் உண்மையே.

'கந்தை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வடமொழியில் 'கந்தா' என்பது துறவியர் உடுக்கும் ஒட்டுத்துணி ஆடை. அதே சொல்லே வங்காளத்தில் 'காந்தா' என வழங்கி, பழஞ்சேலைகளை அடுக்கி வண்ண நூலால் தைத்த அழகிய விரிப்பைக் குறிக்கிறது. வங்கப் பெண்டிரின் காந்தா இன்று உலகத்து அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. நம் கந்தையோ, 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழியோடு நின்றுவிட்டது. சொல் ஒன்று; விதி இரண்டு!

அரபு மொழியில் ஒட்டுத்துணிக்கு 'ருக்அ' என்று பெயர். துணித் துண்டு, தோல் துண்டு, தாள் துண்டு ஆகிய மூன்றையும் அச்சொல் குறிக்கும். முன்னாளில் நம் கடைத்தெருக்களில், 'ஒரு ருக்கா எழுதிக் கொடுத்தனுப்பு' என்பார்களே, அந்த ருக்கா இதன் வழியில் வந்ததே. ஒட்டுகள் பல தைத்த மேலங்கியை அரபியில் 'முரக்கஅ' என்பர். பிற்காலத்தில், ஓவியங்களையும் எழுத்தணிகளையும் தாளில் ஒட்டித் தொகுத்த ஏடுகளுக்கும் இப்பெயரே ஆகிவந்தது. ஜஹாங்கீர் பேரரசருக்கென ஆக்கப்பட்ட 'முரக்கஃ-இ-குல்ஷன்' அத்தகையதே. அதன் பெரும்பகுதி இப்போது டெஹ்ரானில் குலிஸ்தான் அரண்மனை நூலகத்தில் இருக்கிறது. பக்கீரின் கிழிந்த அங்கியும் பேரரசரின் பொன்னெழுத்து ஏடும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்ளும் விந்தையை என்னென்பது!

ஒட்டுப் போட்ட பெருமை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னையார் விடை கூறியதாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முஸ்லிம்களின் தலைவராக இருந்த நாளில், அவர்களது தோள்களுக்கு இடையே ஆடையில் மூன்று ஒட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறியதை, இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா' பதிவு செய்திருக்கிறது. பாரசீகப் பேரரசு வீழ்ந்துகொண்டிருந்த காலத்தில், வென்றவரின் தோளில் ஒட்டுத்துணி இருந்தது!

சூஃபி பெருமக்கள் இந்த ஒட்டுத்துணி அங்கியைத் தம் வழியின் சின்னமாகவே கொண்டனர். லாகூரில் அடங்கியிருக்கும் ஹுஜ்வீரி (ரஹ்) அவர்கள் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' என்னும் பாரசீக நூலில், ஒட்டுத்துணி அங்கிக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. அவ்வியலில் தையலைப் பற்றியும் அவர்கள் பேசுகிறார்கள். ஊசி போன போக்கில் தைத்துவிட வேண்டும், அழகு பார்க்கலாகாது என்பது ஒரு சாராரின் கருத்து. தையல் நேராகவும் ஒழுங்காகவும் இருத்தல் வேண்டும் என்பது மற்றொரு சாராரின் கருத்து. மக்கள் மதிக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே ஒட்டுத்துணி அணிபவரை அந்நூல் எச்சரிக்கவும் தவறவில்லை. இல்லத்தில் துண்டுகளைத் தைக்கும் பெண்கள் இன்றும் இந்த இரண்டு கட்சியாகவே பிரிந்து நிற்கின்றனர். கைக்கு வந்த துண்டை வந்தபடி இணைப்போர் ஒருபுறம். அளவுகோல் வைத்துக் கால் அங்குலம் தையலுக்கு விட்டு நறுக்குவோர் மறுபுறம்.

புத்த சமயத்தாரிடையேயும் இக்கருத்து உண்டு. மகத நாட்டு நெல்வயல்களின் வரப்பும் பாத்தியுமான அமைப்பைக் காட்டி, துறவியரின் ஆடையை அவ்வாறே துண்டு துண்டாக இணைத்துத் தைக்குமாறு புத்தர் கூற, ஆனந்தர் அதை வடிவமைத்தார் என்று விநய நூல்கள் கூறுகின்றன. சீனத்தில் துன்ஹுவாங் குகைகளில் ஆரெல் ஸ்டைன் கண்டெடுத்த பழம்பொருள்களுள், பட்டுத் துண்டுகளைக் கட்டங்களாக இணைத்துத் தைத்த தொங்குதுணி ஒன்றும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட அது, இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழகத்து உழவன் அதைக் கண்டால், 'இது நம் நஞ்சை வயலன்றோ!' என்று சொல்லக்கூடும்.

கரை கடந்த சீட்டித் துணி

இனி, மேலை நாட்டு ஒட்டுத்துணிப் போர்வைக்கும் நம் கரைக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். சோழமண்டலக் கடற்கரையில் சாயமிட்ட பருத்தித் துணி, ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே கிழக்காசிய நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம், கீழக்கரை ஆகிய துறைகளிலிருந்து மரக்காயர் தம் கலங்களில் துணிப்பொதிகளை ஏற்றி, மலாக்கா, அச்சே, கெடா துறைமுகங்களுக்குச் சென்றனர். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் செல்வத்தில் துணி வாணிகத்துக்கும் பெரும்பங்கு உண்டு.

இக்கரையின் வண்ணச் சீட்டித் துணி ஐரோப்பியப் பெண்டிரை மயக்கியபோது, அந்நாட்டு நெசவாளர் கொதித்தெழுந்தனர். பிரான்சு 1686இல் இத்துணியைத் தடை செய்தது. அத்தடை 1759வரை நீடித்தது. இங்கிலாந்து 1700ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்நாட்டு விற்பனைக்கென இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1721ஆம் ஆண்டுச் சட்டத்தால் அத்தகைய துணியை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் தடுத்தது. அச்சட்டங்கள் 1774இல்தான் தளர்த்தப்பட்டன. நம் நெசவாளனின் விரல்களுக்கு அஞ்சி இரண்டு பேரரசுகள் சட்டம் செய்தன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கிடைத்தற்கு அரிதான பொருளை எவரும் எறிய மாட்டார். சீட்டித் துணியின் சிறு துண்டையும் ஐரோப்பியப் பெண்டிர் பேணி வைத்தனர். அதிலுள்ள பூவையும் பறவையையும் தனித்தனியே நறுக்கி, வெள்ளைத் துணியின் மேல் வைத்துத் தைத்தனர். 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய ஒட்டுத்துணிப் போர்வைகள் பலவற்றில் நம் சோழமண்டலக் கரைத் துணி இருக்கிறது. அதை நெய்தவன் பெயரும் தெரியாது. சாயமிட்டவன் பெயரும் தெரியாது. தைத்தவள் பெயரும் பெரும்பாலும் தெரியாது.

தன் பெயரை மறைக்காத பெண் ஒருத்தியும் உண்டு. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜேன் ஸ்டிக்கிள் என்னும் மாது, உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் ஒரு மாதிரிச் சதுரப் போர்வையைத் தைத்து முடித்தார். அதன் ஓரத்தில் அது போர்க்காலம் என்பதையும், 1863 என்னும் ஆண்டையும், துண்டுகள் 5602 என்னும் கணக்கையும், தம் பெயரையும் நூலால் எழுதி வைத்தார். அதே போரினால்தான் அமெரிக்கப் பஞ்சு நின்றுபோய், இந்தியப் பஞ்சின் விலை விண்ணுக்கு ஏறியது. போர் 1865இல் முடிந்ததும் அவ்விலை வீழ்ந்து பலரைக் கடனில் தள்ளியது. படைத்தலைவர்களின் கணக்கு ஏடுகளில் இருக்கிறது. ஜேன் ஸ்டிக்கிளின் கணக்கு துணியில் இருக்கிறது. இரண்டும் வரலாறே.

தமிழர் மிகுதியாக வாழும் சிங்கப்பூரிலும் இத்தகைய சான்று ஒன்று பிறந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் அந்நகர் ஜப்பானியர் வசமானது. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டனர். ஆடவர் வேறு பகுதியில் இருந்தனர். தம் கணவன் உயிரோடிருக்கிறானா என்பதே பல மனைவியருக்குத் தெரியாது. அச்சிறையில் எத்தெல் மல்வானி என்னும் கனடா நாட்டு மாதின் முயற்சியால், பெண்கள் ஒவ்வொருவரும் ஆறு அங்குலச் சதுரத் துணியில் தமக்குத் தோன்றியதைத் தைத்துப் பெயரிட்டனர். ஒரு போர்வைக்கு 66 சதுரங்களாக மூன்று போர்வைகள் உருவாயின. அவற்றை மருத்துவமனையில் இருந்த காயமுற்றோருக்கு அனுப்பினர். ஒன்று ஜப்பானிய வீரருக்கென்றே குறிக்கப்பட்டது. அதனால் மற்ற இரண்டும் வெளியே செல்ல வழி பிறந்தது. போர்வையில் பெயர் இருந்தால், அப்பெயருக்குரியவள் உயிரோடிருக்கிறாள் என்று கணவன் அறிந்துகொள்வான். துணியே அங்கே ருக்காவாகிவிட்டது! அப்போர்வைகளில் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன.

அண்ணாமலை அடிவாரத்தில்

இத்தனை தொலைவு போய்வந்த நாம், இப்போது நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். ஒட்டுத்துணிக் கலையின் உயர்ந்த வடிவம் ஒன்றைக் காண மேலைநாட்டு அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. திருவண்ணாமலைத் தேரடி வீதிக்குச் சென்றால் போதும்.

2,668 அடி உயர மலையின் அடிவாரத்தில் அமைந்த அந்நகரில், கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் ஓடும். அம்மன் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பர். தேரின் அடிப்பகுதி மரச்சிற்பம். அதன் மேலே கோபுரம்போல் உயர்ந்து நிற்பதோ, மரமும் மூங்கிலும் கொண்டு கட்டிய சட்டத்தின்மேல் போர்த்திய துணி. அங்கேதான் ஒட்டுத்துணிக் கலை ஆட்சி செய்கிறது. தேர்ச்சீலை, தோரணம், குடை, குஞ்சம் என அதன் உறுப்புகள் பல. தேரின் நாற்புறமும் உருளை வடிவில் தொங்கி, காற்றில் அசையும் அலங்காரத்தைத் 'தொம்பை' என்பர். நெல் சேமிக்கும் உயர்ந்த கூட்டுக்கும் தொம்பை என்பதே பெயர். வடிவ ஒப்புமை நோக்கி உழவர் மொழி கோயிலுக்குள் நுழைந்திருக்கிறது.

தேரிலும் மண்டபத்திலும் மேலே விரிக்கும் விதானத் துணிக்கு 'அஸ்மானகிரி' என்று பெயர். இந்தச் சொல்லிடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். 'ஆஸ்மான்' என்பது பாரசீகத்தில் வானம். வானத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோல் விரிந்த துணி ஆதலின் அது 'ஆஸ்மான்கீரி' ஆயிற்று. சிவன் கோயில் தேரின் விதானம் பாரசீகப் பெயரைத் தாங்கி நிற்கிறது! சரிகை, சால்வை, உருமால் ஆகியனவும் பாரசீகத்து வரவுகளே. பொத்தான் போர்த்துக்கீசியர் தந்தது. இவற்றை எவரும் வாள் முனையில் திணிக்கவில்லை. தைப்பவரும் விற்பவரும் வாங்குபவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசியதால் இவை வந்தன. இந்நாட்டில் சமயங்கள் கலந்து வாழ்ந்த கதையை எழுத விரும்புவோர், கல்வெட்டை மட்டும் நோக்காமல் தையற்காரனின் பேச்சையும் கேட்க வேண்டும்.

தொம்பை ஆக்கும் முறை எளிதன்று. தஞ்சை, கும்பகோணம் பகுதிகளில் வழிவழியாக இக்கலை வளர்ந்தது. முதலில் உருவங்களைத் தாளில் வரைந்து வெட்டி அச்சாக வைத்துக்கொள்வர். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை, கறுப்பு என அடித்து நிற்கும் நிறங்களையே தேர்வர். தேர் உயரத்தில் இருப்பது தொலைவில் நிற்போருக்கும் தெரிய வேண்டுமன்றோ? தாள் அச்சின்படி துணியை நறுக்கி, ஓரத்தை உள்ளே மடித்து, அடித்துணியின்மேல் வைத்துத் தைப்பர். பின்னர் உருவத்தின் விளிம்பில் கயிறுபோல் முறுக்கிய நூலைப் படியவைத்துத் தைத்து எடுப்பாக்குவர். யாளி, அன்னம், கிளி, தாமரை, மாங்காய் என உருவங்கள் வரும். உள்ளே வளையங்கள் வைத்து உருளையாக்கி, அடியில் குஞ்சம் கட்டித் தொங்கவிடுவர். துண்டுகளைப் பக்கம் பக்கமாக இணைப்பது போர்வைக் கலை. துணியின்மேல் துணி வைத்துத் தைப்பது தொம்பைக் கலை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இதே கலை கெய்ரோ நகரில் முஸ்லிம்களின் கையில் வாழ்கிறது. அங்கே ஸுவைலா வாயிலின் அருகே, 17ஆம் நூற்றாண்டில் ரித்வான் பே கட்டிய கூரை வேய்ந்த கடைவீதி ஒன்று உண்டு. அதற்குக் கூடாரம் தைப்போர் வீதி என்று பெயர். கூடாரங்களின் உட்புறத்துக்கும் விழாப் பந்தல்களுக்கும் வண்ணத் துணியை நறுக்கி ஒட்டித் தைக்கும் அக்கலையை 'கயாமிய்யா' என்பர். 'கய்யாம்' என்றால் கூடாரம் தைப்பவர். கவிமணியின் தமிழால் நாம் அறிந்த உமர் கய்யாமின் பெயரிலேயே ஊசியும் நூலும் இருக்கின்றன. கெய்ரோ தையற்காரர் இலைக்கொடியையும் எண்கோண விண்மீனையும் தைக்கிறார். தஞ்சைத் தையற்காரர் யாளியையும் அன்னத்தையும் தைக்கிறார். ஓரம் மடிக்கும் விரல் அசைவு மட்டும் இருவருக்கும் ஒன்றே.

கூடாரம் என்றதும் திருவண்ணாமலைக்கு மற்றொரு நினைவும் உண்டு. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒருபுறமும், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலேயப் படை மறுபுறமுமாகச் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் மோதினர். அக்காலப் பாசறை என்பது துணியால் ஆன ஒரு நகரம். பட்டை பட்டையாகத் துணிகளை இணைத்துக் கூடாரம் தைக்கும் கைகள் இல்லாமல் எந்தப் படையும் நகர முடியாது. ஹைதரின் மகன் திப்பு சுல்தானின் கூடாரம் ஒன்று, பூச்சாடிகள் அச்சிட்ட சீட்டித் துணிப் பட்டைகளால் ஆனது; இன்று வேல்ஸ் நாட்டில் பவிஸ் கோட்டையில் இருக்கிறது. மன்னர் வீழ்ந்தார்; அவர் தலைமேல் விரிந்த துணி இன்னும் நிலைத்திருக்கிறது.

இதே மலையில் நிகழ்ந்த மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். 1896 செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலைக்கு வந்த வேங்கடராமன் என்னும் இளைஞர், பின்னாளில் ரமண மகரிஷி என அறியப்பட்டார். தொடக்க நாள்களில் அவரிடம் இருந்த துண்டு ஆயிரம் கண்ணாகக் கிழிந்திருந்தது. கோவணமும் கிழிந்தபோது, எவரிடமும் ஊசி கேட்க விரும்பாமல், முள் ஒன்றை எடுத்து அதில் துளையிட்டு, அந்தத் துணியிலிருந்தே இழை உருவி, யாருமறியாமல் தைத்துக்கொண்டார் என்பதை ஆசிரமத்தாரின் நூல்கள் பதிவு செய்துள்ளன. சமயம் எதுவாயினும் ஆகுக. தன் கிழிசலைத் தானே தைத்துக்கொள்வதில் இழிவில்லை என்னும் உண்மையை மதீனத்து வீட்டிலும் அருணை மலையிலும் ஒருங்கே காண்கிறோம்.

இல்லத்து ஊசி

கோயில் தேரும் மன்னர் கூடாரமும் ஒருபுறம் இருக்கட்டும். நம் வீடுகளின் நிலை என்ன? 1851இல் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. 1930களில் கல்கத்தாவின் ஜே தொழிலகம் 'உஷா' இயந்திரங்களை ஆக்கத் தொடங்கியது. இயந்திரங்களை எதிர்த்த காந்தியடிகளும் 1924இல், இதற்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துச் சலிப்பதைக் காணப் பொறாத கணவனின் அன்பு அதில் இருக்கிறது என்று காரணமும் கூறினார். அப்போது அவரிடம் வினவிய மாணவர் ஜி. இராமச்சந்திரனே, பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தவர்.

வெளியே சென்று பொருளீட்ட வாய்ப்பில்லாத பல பெண்களுக்கு அந்த இயந்திரம் கண்ணியமான வருவாயைத் தந்தது. கணவனை இழந்து, வீட்டுக் கூடத்தில் அதை மிதித்தே பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் நம் ஊர்களில் எத்தனையோ பேர். பள்ளிகளிலும் தையல் வகுப்பு இருந்தது. ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல், ஹெம்மிங், காஜா, ஒட்டுப் போடுதல் என ஒவ்வொன்றையும் சிறு சதுரத் துணியில் செய்து, நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிப் பெயரெழுதி வைப்பர். அரசின் தையல் தேர்வுக்குச் செல்வோருக்கும் இத்தகைய மாதிரிகளே பயிற்சி. மேலைநாட்டார் மாதிரிச் சதுரம் என்று பெருமையோடு கூறுவது இதுவன்றி வேறென்ன? அவர்கள் அச்சதுரங்களை இணைத்துப் போர்வையாக்கிப் பேரப்பிள்ளைக்கு விட்டுச் சென்றனர். நாமோ தேர்வு முடிந்ததும் அந்த நோட்டைப் பழைய தாள் வாங்குபவனிடம் எடைக்குப் போட்டுவிட்டோம்.

ஆப்பிரிக்க வழியில் வந்து, கர்நாடகத்து வடகன்னட மாவட்டக் காடுகளில் வாழும் சித்தி மக்களைப் பார்த்தாவது நாம் கற்கலாம். அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு. கிறிஸ்தவரும் இந்துக்களும் உண்டு. பழந்துணித் துண்டுகளை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து 'கவந்தி' என்னும் விரிப்பை அப்பெண்கள் ஆக்குகின்றனர். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் 'பூ' வைக்காமல் விட்டால் அந்த விரிப்பு முழுமை பெறாது என்பது அவர்கள் கொள்கை. வறுமையிலும் மூலைக்கு ஒரு பூ! சிந்து நாட்டு முஸ்லிம் பெண்டிரின் 'ரல்லி' விரிப்பும் இத்தகையதே. அங்கே மகளின் திருமணச் சீரில் அதற்கு மதிப்பான இடம் உண்டு.

நம் முன் உள்ள கேள்வி

இன்று நிலைமை மாறிவிட்டது. ஆயத்த ஆடை மலிந்தது. கிழிந்ததைத் தைப்பதைவிட எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது எளிதாகிவிட்டது. திருப்பூரில் நறுக்கி மிஞ்சும் துண்டுகள் மூட்டை மூட்டையாக இயந்திரம் துடைக்கப் போகின்றன. விழாக்காலத் தெருக்களில் துணித் தோரணங்கள் இருந்த இடத்தை அச்சிட்ட பிளெக்ஸ் பதாகைகள் பிடித்துக்கொண்டன. தொம்பையை இழைத்து இழைத்துத் தைக்கும் கைகளுக்கு விழா நாளில் கிடைக்கும் கூலி, ஆண்டு முழுவதும் அடுப்பெரியப் போதாது. அக்கைகள் ஓய்ந்தால், ஓயப்போவது கோயிலுக்குரிய ஒரு கலை மட்டுமன்று. 'அஸ்மானகிரி' என்னும் சொல்லைக் கேட்டால் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் போகும். நம் முன்னோரும் இம்மண்ணின் மற்ற மக்களும் ஒரே நூலால் தைத்துக்கொண்டிருந்ததற்கு இருந்த சான்றுகளில் ஒன்று அவிழ்ந்துபோகும்.

வீட்டுத் தையலுக்கும் இதுவே பொருந்தும். நம் பாட்டிமார் எழுதிவைத்த நூல்கள் மிகச் சில. எழுத்தறிவு அவர்களில் பலருக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவர்கள் விட்டுச் சென்ற கையெழுத்து தையலே. பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய தலையணை உறையிலும், குழந்தை விரிப்பிலும், ஒட்டுப்போட்ட துப்பட்டியிலும் அது இருக்கிறது. அதில் இருக்கும் ஒரு துண்டு அவர்களின் மணச்சேலையாக இருக்கலாம். மற்றொன்று ரங்கூனிலிருந்தோ பினாங்கிலிருந்தோ கப்பலேறி வந்த கைலியாக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்கள் இருக்கும்வரைதான் அத்துண்டுகள் பேசும். பின்னர் அவை வெறும் துணியே.

ஆகவே, நம் குடும்பத்துப் பெண்மணிகளுக்கு நாம் ஒன்று சொல்வோம். ஓய்வு நேரத்தில் துண்டுகளை இணைத்துத் தைப்பதை அற்ப வேலை என்று எவரேனும் நகைத்தால் பொருட்படுத்த வேண்டாம். வீட்டில் சேரும் துண்டுகளைத் தரம் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்துக்கு ஒரு கோலம் எனத் தையுங்கள். நம் பள்ளிவாசல் சாளரத்து எண்கோண விண்மீனையும், பாய்முனையில் கண்ட கட்டங்களையும், தேர்ச்சீலையில் கண்ட தாமரையையும் அதில் கொண்டுவரலாம். எவரும் தடுக்கப் போவதில்லை. முடித்த பின், ஜேன் ஸ்டிக்கிளைப்போல் ஒரு மூலையில் உங்கள் பெயரையும் ஆண்டையும் மறவாமல் நூலால் எழுதுங்கள்.

ஆடவருக்கும் ஒரு சொல் உண்டு. கிழிந்த சட்டையை மனைவியின் முன் எறிந்துவிட்டுச் செல்லும் நாம், ஊசியைக் கையில் எடுத்துத் தம் ஆடையைத் தாமே தைத்த தலைவரின் வழியினர் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். ஊசியில் நூல் கோக்க நமக்குத் தெரியுமா என்பதை ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

கத்தரிக்கோல் ஒன்றை இரண்டாக்கும். ஊசியோ இரண்டை ஒன்றாக்கும். கத்தரிக்கோல்களின் ஓசை மிகுந்துவிட்ட காலம் இது. ஊசிகளை நாம் துருப்பிடிக்க விடலாகாது.